எம்.சி.ஏ. போட்டே ஆகணும்

கம்ப்யூட்டர் மேல் ஆசைப்பட்டுப் படித்தேன் என்று ஜீவிதா ஒருநாளும் சொன்னதில்லை. கெத்துக்குப் படித்தேன் என்பாள். வேலைக்கு எடுக்க வந்தவர்கள் கேட்டபோதும் கொஞ்சம் நாசூக்காக அதையேதான் சொன்னாள். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவள் வளர்ந்த கேம்ப் ரோட்டில் பாதிப் பேர் அதற்காகத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்பா அந்தோணிசாமி சேலையூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரை "வேன், நாளைக்குச் சீக்கிரம் வா" என்பார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு எரியாதா? ஊரே எந்தப் படிப்பைத் தலையில் வைத்துக் கூத்தாடியதோ, அதையே பிடித்தாள். புரோகிராம் சுமாராகத்தான் வந்தது. விழுந்து விழுந்து படித்து எம்.சி.ஏ. முடித்து, 2004இல் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். வேனைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி விரட்டிய வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன், "நம்ம போர்ஷன்ல ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்பதற்கென்றே ஜீவிதா சனிக்கிழமைகளில் வாசலில் நின்று தலை துவட்டுவாள்.

இரண்டு வருடம் கழித்துக் குரோம்பேட்டை துரையோடு நிச்சயமானது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன், ஜி.எஸ்.டி. ரோட்டில் சொந்தமாக ஏசி சர்வீஸ் கடை வைத்திருந்தான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையில் என்ன போடுவது என்று இரண்டு வீடும் உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை.

"பொண்ணு பேருக்குப் பக்கத்துல எம்.சி.ஏ. வேணாம் சம்பந்தி," என்றார் துரையின் அப்பா சூசைமாணிக்கம். "பையன் வெறும் டிப்ளமோ. சொந்தக்காரங்க சிரிப்பாங்க. ரெண்டு பேர் பேரையும் மொட்டையா போட்ருவோம்."

அந்தோணிசாமி தலையாட்டப் போனார். ஜீவிதா விடவில்லை.

"போட்டே ஆகணும் மாமா. நான் படிச்சதே அதுக்குத்தான்."

"அதுக்காகக் கல்யாணத்தைக் கெடுத்துக்குவியாம்மா?"

"கெட்டா கெடட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, துரையை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அவனோ முகம் சிவந்து உட்கார்ந்திருந்தான். போச்சு என்று நினைத்தாள்.

துரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன் அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டான்.

"வெறும் டிப்ளமோன்னா இன்னா அர்த்தம்? பாஸ் பண்ணித்தானே வாங்கினேன்? எம் பேரு எதுக்கு மொட்டையா இருக்கணும்? டி.எம்.இ.ன்னு போடு. கீழ, உரிமையாளர், துரை ஏசி சர்வீஸ்னு தடி எழுத்துல போடு. சிரிக்கிறவன் சிரிச்சுகினு போறான்."

"அப்போ பொண்ணுக்கு?" என்று இழுத்தார் சூசைமாணிக்கம்.

"அவங்க படிச்சதை அவங்க போட்டுக்கறாங்க. எனக்கின்னா வந்துச்சு?"

அவளுக்காக விட்டுக்கொடுத்திருந்தால், நல்ல பையன் என்று நன்றி சொல்லியிருப்பாள். அவன் சண்டை போட்டது தன் பேருக்காக. இவனும் தன்னைப்போலத் திமிர் பிடித்தவன்தான் என்று தெரிந்த அந்த நிமிடத்தில், ஜீவிதாவுக்கு அவனை முழுசாகப் பிடித்துப்போயிற்று.