மீன் வயிற்றில் என்ன இருந்தது

"மீன் வயித்துல இன்னா கீதுன்னு பாக்கறதுக்கு மூணு வருசம் காலேஜா? ஒரு கத்தியக் குடு, நான் இப்பவே சொல்ட்றேன்."

அப்பாவின் அக்கா இப்படிக் கேட்டபோது நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். "நீ சொல்லு அத்த, நான் எழுதிக்கிறேன்" என்றேன். "பீ கீது. எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அத்தையோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு வராது. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். நான் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அந்த நம்பிக்கைதான் அந்த வருஷம் எங்கள் வீட்டைக் கவிழ்க்கப் பார்த்தது.

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். நல்ல மழை பெய்தால் வெள்ளம் மணலைத் தள்ளி அதைத் திறந்துவிடும். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வந்து ஏரியில் வளரும். மடவை மீன் சேற்றையும் பாசியையும் தின்னும். அந்த மடவைக் குஞ்சுகளையும் இறாலையும் தின்று கொடுவா மீன் கொழுக்கும். கொடுவாவை விற்று நாங்கள் சோறு தின்போம். இதில் எது குறைந்தாலும் கடைசியில் எங்கள் தட்டில்தான் குறையும்.

அந்த வருஷம் மழை வர வேண்டிய மாதங்களில் வரவில்லை. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. வெயிலில் ஏரி வற்றி உப்பேறியது. கரையோரத்தில் கால் வைத்தால் தண்ணீர் சுட்டது. போதாக்குறைக்குச் சிலர் கொசுவலை மாதிரி வலைகளால் இறால் குஞ்சுகளை வாரிப் பண்ணைகளுக்கு விற்றார்கள். முகத்துவாரத்தைத் தோண்டித் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தார்கள். கடல் சூடாகி வருகிறது, பருவங்கள் தடுமாறுகின்றன என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். ஒரு வருஷத்து மழையை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். "அப்போ மீன் என்ன சாப்பிடுதுன்னு நான் பாக்கறேன், மேடம்" என்றேன். அதுவே என் ஆய்வானது.

வயிறுகளுக்குப் பஞ்சமில்லை. அம்மா எங்கள் ஏரி மீனைக் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் விற்றாள். ஷிப்ட் முடிந்து வருகிற கம்பெனி ஆட்கள் மீனை வாங்கி அங்கேயே வெட்டித் தரச் சொல்வார்கள். வயிறு எப்படியும் குப்பைக்குத்தான் போகும். கல்லூரியில் தந்த, அறுத்ததைக் கெடாமல் வைக்கும் பார்மலின் பாட்டில்களை அம்மாவிடம் கொடுத்து, "வயித்த மட்டும் இதுல போட்டு எடுத்தா. மருந்து, மோந்து பாக்காத" என்றேன்.

பாட்டில்கள் நிறைந்து வந்தன. ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக அறுத்தேன். கொடுவாவின் வயிறு காலி. அடுத்ததும் காலி. எல்லாமே உள்ளே ஒன்றுமில்லாமல் வெள்ளையாக இருந்தன. "கொடுவாவுக்கு வயிறு காலியா இருக்கறது உண்டும்மா, ஆனா எல்லாத்துக்குமா? மடவையையும் பாரு" என்றார் பேராசிரியர். மடவை வரும் வரை எனக்குப் பொறுமையில்லை. அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன்.

"நைனா, ஏரில மீனுங்க பட்டினியா கீது. துன்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

அப்பா வலையிலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

ஏரியில் வலை போடும் இடங்களை நாங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். ஊர்க்கூட்டத்தில் பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் முறை. ஒருமுறை பேரை எடுத்துவிட்டால் மறுபடி சேர்வது லேசில்லை. அப்பா அடுத்த கூட்டத்தில் பேரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். அத்தை வாசலில் நின்று கத்தினாள்: "இவ சொன்னான்னு ஏரிய வுட்டுப் போவியாடா? நெருப்புக்கிட்ட நின்னு பழக்கம் கீதா உனக்கு?"

"படிச்ச புள்ள பாத்துட்டுச் சொல்லுது. பேஜாரு பண்ணாம போக்கா" என்றார் அப்பா.

கூட்டம் நடக்கிற நாளில்தான் மடவை வயிறுகளை அறுத்தேன். அவையும் வெள்ளையாக இருந்தன. மடவை சேற்றைத் தின்கிற மீன். ஏரியில் இறாலுக்குப் பஞ்சம் வரலாம், சேற்றுக்குமா பஞ்சம்? பையை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் கேட்க ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் அம்மா அரிவாள்மணையில் ஒரு கொடுவாவை வெட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றை எடுத்தாள். அறுந்த முனை வழியாக விரலால் பிதுக்கிக் கீழே விட்டாள். அதற்குள் தண்ணீர் ஊற்றி மறுபடி பிதுக்கினாள். மஞ்சளும் உப்பும் தேய்த்து அலசி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, திருப்தியாகப் பாட்டிலில் போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?"

"உனுக்குத்தான் கண்ணு. காலேஜுக்குப் போற சாமான நாத்தத்தோடவா குடுப்பேன்? மீன்காரி பொண்ணுன்னு நாலு பேரு மூக்கப் புடிச்சா உனுக்குத்தானே அசிங்கம். மருந்தும் கெட்டுப்பூடும்."

"எப்பலேர்ந்து கழுவுற?"

"மொதல்லேர்ந்துதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீன்கள் பட்டினி கிடக்கவில்லை. நான் அத்தனை வாரங்களும் அம்மாவின் சுத்தத்தைத்தான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. "ஐயோ, உங்க நைனா இந்நேரம் கூட்டத்துல எழுந்து நின்னுருப்பாரே!" கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். பக்கத்து வீட்டுச் செல்போனுக்கு அடித்துப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை.

ரயிலில் அம்மா செதில் ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கழுவுனது தப்பாடி?"

"தப்பில்லம்மா. கழுவாதன்னு நான் சொல்லல."

பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏலக் கொட்டகையில் கூட்டம். உள்ளே ஒரே கூச்சல். இறால் குஞ்சை வாரும் சின்னக் கண்ணி வலையைத் தடுப்பதா வேண்டாமா என்பதுதான் முதல் பேச்சு. அதிலேயே மதியத்திலிருந்து சண்டை. வேறு எதற்கும் இன்னும் வரவில்லை. எங்கள் ஊர்ச் சண்டைக்கு அன்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அப்பா ஓரத்தில், தோள் துண்டை உருவிக் கையில் பிடித்தபடி, எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் கொட்டகைக்குள் போகிற வழக்கமில்லை. வெளியே நின்றபடியே கத்தினேன். "நைனா! பேர எடுக்காத! வயிறு காலி இல்ல. அம்மா மஞ்ச போட்டுக் கழுவிட்டாங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். முழுதும் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் ஆரம்பித்துவிட்டார்: "இன்னா மச்சான், உங்க ஊட்டுல மீனுக்கெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்தறீங்களாமே!" கொட்டகையே சிரித்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தார். "அப்ப ஏரில தீனி கீதா?"

இருக்கிறது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "தெரியாது நைனா. நான் இன்னும் பாக்கவே இல்ல. பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் துண்டை மறுபடி தோளில் போட்டார். "அப்ப பாரு. அதுவரிக்கும் பேரு இருக்கட்டும்."

மறுநாள் விடியலில் அப்பாவின் வலையில் வந்த மீன்களைக் கரையிலேயே அறுத்தேன். மடவையின் வயிற்றிலிருந்து கறுப்புச் சேறு வழிந்தது. சேற்றைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். கொடுவாவுக்குள் மடவைக் குஞ்சுகளும் ஒரு சின்ன நண்டும் இருந்தன. அப்பா குனிந்து பார்த்து, நீளமாக மூச்சு விட்டார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தயா காலேஜுக்கு எடுத்துக்கினு போவ?" என்றாள்.

"இறாலு?" என்று கேட்டார் அப்பா.

தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லா வயிறுகளிலும் சேர்த்து ஏதோ ஒன்றிரண்டு ஓடுகள். ஏரி பட்டினி கிடக்கவில்லை, ஆனால் இறாலில்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தது. முகத்துவாரம் அடைபட்டதால் குஞ்சுகள் உள்ளே வரவில்லையா, வந்தவற்றைச் சின்ன வலைகள் வாரிவிட்டனவா, கடலிலேயே குறைந்துவிட்டதா? ஏரி மீனை மட்டும் அறுத்து இதைச் சொல்ல முடியாது; கடல் மீனின் வயிற்றில் இறால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்பா இரும்புக் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைப் படகில் ஏற்றி, மணல் திட்டுக்கு அந்தப் பக்கம், கடல் படகுகள் வந்து சேரும் கரையில் இறக்கிவிட்டார். அங்கே வந்த முதல் கொடுவாவை வாங்கி, மணலில் உட்கார்ந்து, வயிற்றை நானே கீறினேன்.