கேப்டனின் விமானத்துக்கு அடிவயிறு வந்த கதை

அந்த வணிக வளாகத்தின் கார் நிறுத்தத்தில் பதினோரு வருடமாக வாசலில் நிற்கும் காவலாளியை, உடன் வேலை செய்பவர்கள் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விமானம் ஓட்டியவர் அல்ல, ஏறியவரும் அல்ல. மனைவி படம் இருக்க வேண்டிய போன் திரையில் போர் விமானத்தின் படம் இருந்ததால் வந்த பட்டம் அது.

நீளக் கம்பியின் நுனியில் சக்கரம் வைத்த கண்ணாடி ஒன்று அவர் கையில் இருக்கும். உள்ளே நுழையும் ஒவ்வொரு காருக்கும் அடியில் அதைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கூடாதது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இல்லை. போகலாம். ஒரு நாளைக்கு நானூறு தடவை இதே கேள்வி, இதே பதில். கார்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், வயிறு மறக்காது. “சார், போன வாரமே சொன்னேனே, ஆயில் ஒழுகுதுன்னு” என்பார். கார்க்காரர் திருதிருவென்று விழிப்பார்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை. சாப்பாட்டு மேஜையின் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த கணினிக்குள் மூன்று வருடமாக ஒரு விமானம் வளர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய நாடுகள் சில கூடிச் செய்த நவீனப் போர் விமானத்தின் முப்பரிமாண மாதிரி. முக்கோண இறக்கை, இரட்டை எஞ்சின், மூக்குக்குப் பின்னால் மீசை மாதிரி இரண்டு குட்டி இறக்கைகள். விமானியின் பெல்ட்டில் இருக்கும் தையலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

“உங்க சின்ன வீட்டுக்கு இன்னிக்கு என்ன மாட்டி விட்டீங்க?” என்று கேட்பார் மனைவி. இரண்டு தெரு தள்ளிப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துபவர்.

“டயர்” என்பார் கேப்டன்.

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு குழு பன்னிரண்டு விமானங்களைத் தொகுத்து வெளியிடப்போகிறது. அதில் ஒன்றாகத் தன் விமானம் சேர வேண்டும் என்பதுதான் கேப்டனின் ஆசை. வருகிற மாதிரிகளைப் பரிசோதிப்பவர் ஒவ்வொரு ஆணியையும் எண்ணிப் பார்ப்பதால் அவருக்கு ‘ஆணி’ என்றே பெயர். கேப்டனின் விமானத்தை ஆணி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். “மேல பிரமாதம். அடிப்பக்கம் மொழுமொழுன்னு இருக்கு. இன்னும் ஒரு வாய்ப்பு தர்றேன். மாசக் கடைசிக்குள்ள சரியா வரலன்னா வேற ஒருத்தரோடதை எடுத்துக்குவோம்.”

கேப்டன் என்ன செய்வார்? விமானம் நிற்கும்போதும் பறக்கும்போதும் ஆயிரம் பேர் படம் எடுத்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்து அடிவயிற்றைக் கிட்டத்தில் எடுத்தவர் ஒருவரும் அவர் கண்ணில் படவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஊர் ஓரத்து விமான தளத்தில் கண்காட்சி வந்தது, அந்த விமானமும் வந்தது. கேப்டன் விடுப்பு எடுத்துக்கொண்டு, கம்பிக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். விமானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு ஒரு காவலாளி.

“அண்ணே, நீங்களும் நம்ம வேலைதானா?” கண்ணாடியைப் பார்த்ததுமே காவலாளி கேட்டார்.

“பதினோரு வருஷம். தம்பி, ஒரு தடவை அடியில விட்டுப் பாத்துக்கட்டுமா?”

காவலாளி யோசித்தார். “ஆள் உள்ள போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கண்ணாடியைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

அப்புறம் என்ன, கண்ணாடியைத் தள்ளித் தள்ளி, அதில் தெரிந்ததை எல்லாம் நூற்று முப்பது படமாகப் போனில் பிடித்தார். காவலாளியும் மறுபக்கம் போய்க் குனிந்து, “நானே இன்னிக்குத்தாண்ணே பாக்குறேன்” என்றார்.

இரண்டு வாரத்தில் அடிவயிறு உருவாகிவிட்டது. ஒரே ஒரு தொல்லை. பக்கவாட்டில் இறங்கும் கோடுகள் அடியில் வரும் கோடுகளோடு சேர மறுத்தன. கேப்டன் இங்கே கொஞ்சம் வளைத்தார், அங்கே கொஞ்சம் இழுத்தார். “நாலு நாடு சேந்து செஞ்சா இப்படித்தான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அனுப்புவதற்கு ஐந்து நாள் இருந்தது. அன்று மனைவிக்கு விடுமுறை. காபியோடு வந்தவர் திரையில் இருந்த படத்தைப் பார்த்து நின்றார்.

“ஏங்க, இந்த ஆளுக்கு என்ன சட்டைப் பை வலது பக்கம் இருக்கு?”

படத்தின் ஓரத்தில் காவலாளி குனிந்துகொண்டிருந்தார். பை வலது பக்கம்தான் இருந்தது.

“கண்ணாடியில பாத்து எடுத்தீங்களா?”

“ஆமா.”

“சரியாப் போச்சு. நான் நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிறவ. கடைக்கு வர்றவங்க வகிடு இடது பக்கம் எடுன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் போட்டோ பாத்துட்டு, மாத்தி எடுத்துட்டேன்னு சண்டைக்கு வருவாங்க. உங்க விமானத்துக்கும் வகிடு மாறிப்போச்சு.”

கேப்டன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் இருக்கிறதா இல்லையா என்றுதான் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடிவயிற்றை இடவலமாகத் திருப்ப ஒரு நொடி போதுமாயிருந்தது. அவர் கைவைக்காத கோடுகள் எல்லாம் பக்கவாட்டோடு சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தன. கைவைத்தவைதான் கோணிக்கொண்டு நின்றன. தான் வளைத்ததை எல்லாம் தானே நிமிர்த்த நாலு நாள் ஆயிற்று. கடைசி நாள் மதியம் அனுப்பினார்.

ஆணி ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு இரண்டே வரி: “எடுத்துக்கிட்டோம். டயர் மட்டும் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு, கொஞ்சம் அழுக்காக்குங்க.”

கேப்டனுக்கு வாயெல்லாம் பல். டயரை ஆசை தீர அழுக்காக்கினார்.

தொகுப்பு வெளியான அன்று மனைவி கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேப்டன் விமானத்தைத் தட்டுத்தடுமாறி மேலே ஏற்றினார். செய்யத் தெரிந்த அளவுக்கு ஓட்டத் தெரியவில்லை.

“அடிப்பக்கம் எங்க தெரியும்?”

“ஓட்டுறவனுக்குத் தெரியாது.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

“கீழ நிக்கிறவனுக்கு.”

“இவ்வளவு பாடுபட்டுட்டு எனக்குக் காட்டலன்னா எப்படி?”

கேப்டன் வெளியிலிருந்து பார்க்கும் காட்சிக்கு மாற்றி, விமானத்தை மல்லாக்கப் புரட்டினார். குழாய், துவாரம், திருகு எல்லாம் வெயிலில் மின்னின. மனைவி குனிந்து பார்த்து “அட” என்பதற்குள் விமானம் தலைகீழாகவே கடலில் இறங்கிவிட்டது.

திரையில் தண்ணீர் மட்டும்தான் மிச்சம்.

“தள்ளுங்க,” என்றார் மனைவி. “நான் ஓட்டுறேன்.”