நோபேட்டுக்கு ஒரு சமர்ப்பணம்

என் தம்பி நோபேட்டைக் கொட்டாஞ்சேனையில் பலருக்குத் தெரியும். ஒரு கப்பல் ஏஜென்சியின் ஒஃபிஸில் கிளார்க்காக இருந்தான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பான். குரல் கொஞ்சம் மூக்கால்தான் வரும். பவுல் அப்போஸ்தலருக்குத் தடிமன் பிடித்துவிட்டது என்று அவன் மனைவி மாக்ரெட் பகிடி பண்ணுவாள். அவனுக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டு அடுத்த ஞாயிறும் அதே மூக்கால் வாசிப்பான்.

அவன் இன்னொரு வேலையும் செய்தான். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கும் கனகாலம் விளங்கவில்லை. அவன் பொறுமையாகச் சொல்லித்தான் கொஞ்சம் பிடிபட்டது. கொம்பியூட்டரைப் போட்டவுடன் அது எழும்பி, தன் கை கால் எங்கே இருக்கிறது என்று தானே அறிந்துகொள்வதற்கு உள்ளே ஒரு அடிப்படை வேண்டும். அதுதான் இயங்குதளம். கடையில் விலைக்கு விற்கிறார்கள். ஆனால் உலகத்தில் பல நாட்டில் இருக்கிற சிலர் சேர்ந்து, விலை இல்லாத ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதை ஒளிப்பதில்லை. யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம்.

அதில் ஒரு சின்னப் பாகம் நோபேட்டின் பொறுப்பு. பழைய கொம்பியூட்டர்கள் வயர் வழியாக ஒன்றோடு ஒன்று கதைப்பதற்கு உள்ளே ஒரு அட்டை இருக்கும். அந்த அட்டைகளைப் பேச வைக்கிற பாகம் அது. ஒஃபிஸில் கழித்துப்போட்ட கொம்பியூட்டர்களைக் கிராண்ட்பாஸில் சிஸ்டர்மார் நடத்திய டைப்பிங் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினான். அவை ஒன்றோடொன்று கதைக்கவில்லை. அதைச் சரிபண்ணப் போனவன்தான் அப்படியே அதில் நின்றுவிட்டான்.

சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றான். அப்படியென்றால் வெளிநாட்டிலிருந்து உனக்கு ஏன் பெட்டி வருகிறது என்று கேட்டேன். அப்போதுதான் ஃபவுண்டேஷனைப் பற்றிச் சொன்னான். இலாபம் பார்க்காத ஒரு தர்ம ஸ்தாபனம் அது.

"அக்கா, எங்கட கோயில் பாட்டுக்காரரை யோசிச்சுப் பாருங்கோ. அவைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? ஒருத்தருமில்லை. ஆனா ஓர்கன் பழுதானால் சபைதான் திருத்துது. கரண்ட் பில்லைச் சபைதான் கட்டுது. என்ன பாட்டுப் பாடவேணும் எண்டு மட்டும் சபை சொல்லாது."

அது எனக்கு நன்றாக விளங்கியது. எல்லாருடைய எழுத்தும் சேர்கிற பெரிய மெஷின்களுக்கு வாடகை கட்டுவது ஃபவுண்டேஷன். அந்த இயங்குதளத்தின் பெயரை வேறு யாரும் தங்கள் பெயர் என்று விற்காமல் சட்டத்தில் காத்து வைப்பதும் அதுதான். வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு இடத்தில் கூடும்போது, கையில் வசதி இல்லாதவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும். ஒரு வருஷம் நோபேட்டை மலேசியாவுக்குக் கூப்பிட்டது. அவன் முதலும் கடைசியுமாகப் பிளேனில் ஏறியது அதில்தான். சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு பழைய மெஷினையும் அட்டைகளையும் அனுப்பியது. சண்டைக் காலம் என்றபடியால் கஸ்டம்ஸில் அதைத் திறந்து திறந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மாக்ரெட் அதன் மேல் ஒரு லேஸ் துணியைப் போட்டுவிட்டு, இந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் குடியிருக்கிறான், வாடகை மட்டும் தருவதில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

இந்த வேலையில் அவனுக்குக் கொழும்பில் இருந்த ஒரே கூட்டாளி வெள்ளவத்தை நமசிவாயம் அண்ணை. யாழ்ப்பாணத்து ஆள், சைவக்காரர், எஞ்ஜினியர். அவரும் அதே இயங்குதளத்தில் வேறொரு பாகம் பார்த்தவர். ஞாயிறு பூசை முடிய நோபேட் சில நாளில் பஸ் எடுத்து அவர் வீட்டுக்குப் போவான்.

2007 தவக்காலத்தில் அப்படிப் போன ஒரு ஞாயிறுதான் அவன் திரும்பி வரவில்லை. அண்ணை வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, பாமன்கடைப் பக்கமாக நடந்து போனானாம். றோட்டோரம் தோடம்பழம் வாங்கினானாம். ஒரு வான் வந்து நின்றதாம். யார் வந்தது, எங்கே கொண்டுபோனது, ஏன் கொண்டுபோனது, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பழம் விற்ற சிங்களப் பையன், அந்த அய்யே, அதாவது அந்த அண்ணன், மிச்சக்காசு வாங்க முதலே வானில் ஏற்றிப் போட்டார்கள் என்று நமசிவாயம் அண்ணையிடம் சொன்னான். காசை நீட்டிக்கொண்டே சொன்னானாம். அண்ணை அதை வாங்கவில்லை.

நானும் மாக்ரெட்டும் ஏறாத படி இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினோம். செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனோம். படத்தை வைத்துக்கொண்டு பூசா தடுப்பு முகாம் வாசல் வரை போனோம். ஒவ்வொரு இடத்திலும் எங்களைப் போல வேறு பெண்கள் இருந்தார்கள், அவர்கள் மடியிலும் ஒவ்வொரு படம் இருந்தது. ஒருவருடைய படத்தை மற்றவர் வாங்கிப் பார்ப்போம். எங்கேயும் கண்டிருக்கிறீர்களா என்று கேட்போம்.

சனம் கதைத்தது. குழாயடியில் எங்கள் தெரு ராக்கம்மா என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்.

"சும்மா வேலை செய்யிற ஆளுக்கு வெளிநாட்டிலேர்ந்து யாரு பொட்டி அனுப்புவா?"

நான் கோயில் பாட்டுக்காரரின் கதையை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஃபவுண்டேஷன் எங்களைக் கைவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே எலன் என்று ஒரு அம்மா இருந்தார். அவர் நோபேட் செய்த வேலை இன்னது, அனுப்பிய பெட்டிக்குள் இருந்தது இன்னது என்று விவரமாக எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினார். அதைக் கொண்டுபோய்க் கேட்ட இடமெல்லாம் கொடுத்தோம். வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டார்கள். மாக்ரெட்டோடு ரெலிபோனில் கதைக்கும்போது எலன் அழுதார் என்று மாக்ரெட் சொன்னாள். தான் அழவில்லை என்றும் சொன்னாள். அவனைக் கொண்டுபோன அன்று அழுததுதான், பிறகு அவள் அழவே இல்லை. அழுதால் அவனுக்குக் கூடாது என்று ஒரு எண்ணம் அவளுக்கு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாதம் நமசிவாயம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நாளில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதென்றால் எத்தனை செக் பொயின்டில் இறங்கி ஏறவேண்டும். அவ்வளவையும் தாண்டி வந்தவர், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"தங்கச்சி, அவையளிட்ட ஒரு வழக்கம் இருக்கு" என்றார் மாக்ரெட்டிடம்.

அந்த இயங்குதளம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தரம் புதுப் பதிப்பாக வெளிவரும். கூட வேலை செய்த ஒருவர் காலமானால், அடுத்து வருகிற பதிப்பை அவருக்குச் சமர்ப்பிப்பார்கள். முன் பக்கத்தில் பெயரைப் போட்டு, இன்னார் நினைவாக என்று எழுதுவார்கள். அது எல்லா நாட்டுக்கும் போகும். அந்த வேலை செய்கிறவர்களிடையே அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இந்த முறை பலர் நோபேட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வருஷக் கூட்டத்துக்கு ஏழை நாட்டிலிருந்து வருகிற ஒருவருக்கு நோபேட் பெயரால் டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஃபவுண்டேஷனும் யோசித்திருக்கிறது. ஆனால் மனைவியின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்யவேண்டாம் என்று எலன் சொல்லிவிட்டாராம்.

மாக்ரெட் கேட்டாள்.

"என்னெண்டு எழுதுவினம், அண்ணை?"

"நோபேட்டின்ர நினைவாக எண்டு."

"செத்தவைக்குத்தானே அப்பிடி எழுதிறது."

அண்ணை தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

"அவர் செத்துப்போனார் எண்டு அவையளுக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை, இவ்வளவு காலம் போய்விட்டதே என்றுதான் நினைக்கிறார்கள் என்று அவர் மெல்லச் சொன்னார். மாக்ரெட் கோபப்படவில்லை. எழுதுகிறதென்றால் ஆளைக் காணவில்லை என்று எழுதட்டும், தேடுகிறோம் என்று எழுதட்டும், அதற்கு நான் சம்மதம் என்றாள். அவர் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனார்.

மறுமொழி வரக் கொஞ்ச நாள் சென்றது. அண்ணைதான் மறுபடி வந்து சொன்னார். ஃபவுண்டேஷனில் கூடிக் கதைத்தார்களாம். அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்ததாம். தர்ம ஸ்தாபனம் ஒன்று, இன்னொரு நாட்டுச் சண்டைக்குள் வாய் வைத்தது போல ஆகிவிடும் என்று சிலர் சொன்னார்களாம். எலனுக்குப் பயம் வேறு. அவன் எங்காவது உயிரோடு இருந்தால், இப்படி எழுதுவதால் அவனுக்கு ஏதும் நடந்துவிட்டால்? மாக்ரெட்டுக்கு நடந்துவிட்டால்? நமசிவாயம் அண்ணையின் பெயரும் அதே பதிப்பில் இருக்கிறது, அவர் இருப்பதும் வெள்ளவத்தையில். அதைச் சொல்லும்போது அண்ணை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செத்தவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவருக்கு நன்றி சொல்லுகிற வழக்கமும் இருக்கிறது. காணாமல் போனவருக்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. நினைவாக என்று எழுதலாம், இல்லையென்றால் ஒன்றும் எழுதாமல் விடலாம். மாக்ரெட் சொல்லுகிறபடி செய்வார்கள். மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். வரும் வழியில் என் மனதில் இருந்ததை நான் சொன்னேன். அவன் அவ்வளவு பாடுபட்டவன், உலகமெல்லாம் போகிற ஒன்றில் அவன் பெயர் ஒரு இடத்தில் இருந்தால் நல்லதுதானே என்றேன். நாளைக்கு நாங்கள் இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்றேன்.

அவள் நடையை நிறுத்தினாள்.

"மச்சாள், நீங்களும் அவர் செத்துப்போனார் எண்டுதான் நினைக்கிறீங்களோ?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும், மாக்ரெட்."

"ஆண்டவரை விடுங்கோ. நான் உங்களைக் கேட்டனான்."

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பிறகு கையை விடாமலே நடந்தாள். வீட்டுக்குக் கிட்ட வந்ததும், "நான் ஓம் எண்டு சொன்னால், அவரைக் கொன்றது நான்தான் மச்சாள்" என்றாள். அடுத்த நாள் நமசிவாயம் அண்ணைக்குக் கோல் எடுத்து, ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நோபேட் பெயரில் டிக்கெட்டும் வேண்டாம் என்றாள்.

மார்கழியில் புதுப் பதிப்பு வந்தது. மாக்ரெட் போகமாட்டேன் என்றாள். நான்தான் வெள்ளவத்தைக்குப் போனேன். அண்ணையின் மனைவி எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். திரையில் முழுக்க இங்கிலிஷ் எழுத்து. எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. ஆனால் தம்பியின் பெயர் இங்கிலிஷில் எப்படி இருக்கும் என்று தெரியும், அவன் படத்தோடு எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அண்ணை முன் பக்கத்தை மெதுவாக நகர்த்தினார். நான் பார்த்துக்கொண்டே போனேன். இல்லை.

அவன் பார்த்த பாகம் என்னவாயிற்று என்று கேட்டேன். பிறேசிலில் ஒரு பொடியன் பொறுப்பெடுத்திருக்கிறான், அவனிடம் அந்தப் பழைய அட்டைகள் இல்லாதபடியால் ஃபவுண்டேஷன் தேடி வாங்கி அனுப்பியது என்றார். நல்ல பொடியனாம். அந்தப் பாகத்தைத் திறந்தும் காட்டினார். மேலே ஒரு வரியில் நோபேட்டின் பெயர் இருந்தது. அவன் எழுதத் தொடங்கிய நாளில் தானே போட்டது, அதை ஒருவரும் எடுக்கமுடியாது என்று அண்ணை சொன்னார். பாகத்தைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியுமாம். பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இதை மாக்ரெட்டிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் வரும்போது அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"போட்டிட்டினமோ?"

"இல்லை. நீ சொன்ன மாதிரித்தான். நினைவாக எண்டு ஒண்டும் போடேல்லை."

"நல்லது" என்றாள். கழுவின கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அப்ப அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையோ, மச்சாள்?"

உள்ளுக்குப் பெயர் இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன், அதை யாரும் எடுக்கமுடியாதாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அது அவர் தன்ர கையால எழுதினது" என்றாள். "அவையள் ஒண்டும் எழுதேல்லையோ?"

இல்லை என்றேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே குசினி நிலத்தில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.