அட்டைக்குப் போட்ட உப்பு

மலையில் கூடாரம் போட்டுத் தங்குவது மனதுக்கு எவ்வளவு இதம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வரும். நானும் தங்கியிருக்கிறேன். மூன்று நாள். அந்த மூன்று நாளில் நான் நன்றாகப் பார்த்தது ஒரு பெரிய சோற்றுப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தை.

எண்பதுகளின் தொடக்கம். எர்ணாகுளத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு மட்டாஞ்சேரியில். அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் கால்வாய் தூர் வாரும் வேலை, அம்மாவுக்குக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. நான் பிறந்தது, வளர்ந்தது, எழுதப் படிக்கக் கற்றது எல்லாம் அங்கேதான். தமிழ்நாட்டை நான் பார்த்ததே ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மலையாளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. இருந்தும் என்ன? கல்லூரியில் எனக்குப் பேர் பாண்டி, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் பேர். கேட்டால் செல்லமாகக் கூப்பிடுகிறோம் என்பார்கள். செல்லமாம்.

ஓணம் முடிந்து, கன்னி மாத வெயில் மண்டையைப் பிளந்து, துலா மழை எப்போது இறங்கும் என்று ஊரே வானத்தைப் பார்க்கும் நாட்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நேரியமங்கலம் பாலத்துக்கு அப்பால் காட்டுக்குள் மூன்று நாள் முகாம், இரண்டாம் நாள் மலை உச்சிக்கு நடை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் படகு ஜெட்டிப் படிக்கட்டுதான். உச்சி என்ற சொல்லைப் படித்ததும் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. அப்பாவிடம் இரண்டு வாரம் மன்றாடிக் கையெழுத்து வாங்கினேன்.

புறப்படும் காலையில் சமையலுக்குச் சொல்லி வைத்திருந்த சமையல்காரிக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. எங்களை அழைத்துப்போன டீச்சர் தாவரவியல் பாடம் எடுப்பவர். வேனுக்குள் ஒரு சுற்று பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. தமிழ்ப் பெண்களுக்குச் சமையல் சொல்லித் தரவா வேண்டும் என்று சிரித்தார். எங்கள் வீட்டில் விடியுமுன் அம்மா கிடங்குக்குப் போய்விடுவாள், சோறு பொங்குவது அப்பா, எனக்குத் தெரிந்தது சாயா போட மட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினெட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். தினமும் என்னோடு படகில் வரும் போர்ட் கொச்சித் தோழியும் கைதட்டினாள்.

காட்டுக்குப் போய் இறங்கியதும் அட்டை. அதுவரை அட்டையைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். கால்விரல் இடுக்கில் ஒன்று, முழங்காலில் ஒன்று என்று ஏற, ஆளாளுக்கு அலறல். டீச்சர் மட்டும் அசரவில்லை. மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து அரை மூட்டைக் கல்லுப்பு கொண்டுவந்திருந்தார். அட்டைக்கு உப்பு ஆகாது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். சேலையில் ஏறியதை உதறக் கொஞ்சம், காலில் தேய்க்கக் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால் சரி. இவரோ ஒவ்வொரு கூடாரத்தையும் சுற்றிக் கோலம் போடுவதுபோல நாலு விரல் அகலத்துக்கு உப்பைக் கொட்டி வளைத்தார். கடற்கரைக்காரர்களுக்கு உப்பு என்றால் அவ்வளவு அலட்சியம், மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

எங்களுக்கு வழிகாட்ட வந்திருந்த வனத்துறை வாச்சர் மலையிலேயே பிறந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. அவர் பேசியது தமிழ்தான், எங்கள் வீட்டுத் தமிழிலிருந்து கொஞ்சம் வேறான தமிழ். உப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப் போயிற்று. டீச்சர் காதில் விழாத தூரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட. உப்பு இப்படிக் கெடந்தா காட்டுப்போத்து எறங்கும். அட்டைக்குப் பயந்து போத்தக் கூப்பிட்டுக்கிடாதீங்க."

காட்டுப்போத்து என்றால் காட்டெருமை. எங்கள் வேன் உயரத்துக்கு முக்கால்வாசி நிற்கும் மிருகம். மலையில் உப்பு கிடைக்காது, அதனால் உப்பு இருக்கும் மண்ணைத் தேடிப்போய் நக்கும் என்றார். நான் உடனே போய் டீச்சரிடம் அப்படியே சொன்னேன். தோழி பக்கத்தில்தான் நின்றாள்.

"மோளே, நீ சோறு நோக்கு. உப்பு ஞான் நோக்கிக்கோளாம்."

மகளே, நீ சோற்றைப் பார், உப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் டீச்சர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று சோறு குழைந்து கஞ்சியாகப் போனதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை நானும் எல்லோரையும்போலக் காலில் உப்புத் தேய்த்து, தலையில் துண்டு கட்டித் தயாராக நின்றேன். டீச்சர், நீ எங்கே கிளம்பிவிட்டாய் என்றார். திரும்பி வரும்போது இருபது பேருக்குப் பசிக்குமாம். வேன் டிரைவர் சேட்டன் துணைக்கு இருக்கிறாராம். உச்சி எங்கே போய்விடப் போகிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமாம். தோழியைப் பார்த்தேன். அவள் குனிந்து செருப்பு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கட்டினாள். புறப்படுமுன் டீச்சர் மீதி உப்பையும் வளையத்தின்மேல் கொட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் மரங்களுக்குள் மறைந்த கால் மணி நேரத்தில் டிரைவர் சேட்டன் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே கடைக்கு இறங்கியவர்தான், மாலைவரை ஆள் இல்லை. நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்த்தேன். அதுவரை நான் எதையும் அவ்வளவு வெறியோடு தேய்த்ததில்லை. மேலே எங்கோ அவர்கள் சிரிப்பது கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

மதியம் வானம் இருண்டு தூரத்தில் இடி முழங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். கூடாரங்களுக்கு நடுவே மூன்று காட்டெருமைகள். எப்போது வந்தன, எந்தப் பக்கமாக வந்தன, தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காலில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிறம். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் தலையைக் குனிந்து டீச்சரின் உப்பு வளையத்தை நக்கத் தொடங்கின. நாக்கு மண்ணில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அடுத்த இடி பக்கத்தில் விழுந்தது. ஒன்றின் கொம்பு கூடாரக் கயிற்றில் மாட்டியது. அது மிரண்டு இழுக்க, கூடாரம் தலையோடு எழும்பிப் போயிற்று. மற்றவையும் மிரண்டன. இரண்டு கூடாரங்கள் கிழிந்தன, பெட்டி படுக்கை எல்லாம் மிதிபட்டன. அரை நிமிடத்தில் மூன்றும் காட்டுக்குள் போய்விட்டன. பிறகு மழை கொட்டியது. அந்த மழையில் நான் ஒருத்தி நின்று அழுதேன், பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

எல்லோரும் நனைந்துகொண்டு திரும்பினார்கள். வாச்சர் குனிந்து குளம்படியைப் பார்த்தார், நக்கிக் குழிந்திருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். உப்புக்கு வந்தது என்று ஒரே வார்த்தை சொன்னார். டீச்சர் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. என்னைத் தனியே அழைத்து, கஞ்சித் தண்ணீரை எங்கே கொட்டினாய் என்று கேட்டார். ஓடைக்கு அப்பால் என்றேன். அப்படியானால் அந்த வாடைக்குத்தான் வந்திருக்கிறது என்று முடித்துவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமக்கிறவளுக்கு அடிபட்டிருக்கிறதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. நான் தோழியைப் பார்த்தேன். நேற்று சொன்னேனே, நீயும் கேட்டாயே என்று கண்ணாலேயே கேட்டேன். அவள் நனைந்த தலையைத் துவட்டினாள்.

கல்லூரிக்குத் திரும்பிய மறுநாள் டீச்சர் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். கூடாரங்கள் இரவல் வாங்கியவை, கிழிந்ததற்குக் காரணம் காட்டிக் கல்லூரிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். மாணவியைத் தனியே விட்டுப் போனது தெரிந்தால் அவருக்குத்தான் சிக்கல். அதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார், நான் புரிந்துகொள்ளும் பெண் என்பதால். பிறகு கோடு போட்ட தாளை என் பக்கம் தள்ளினார். வகுப்பிலேயே மலையாளக் கையெழுத்து அழகாக இருப்பது எனக்குத்தானாம்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடமும் நாளும் எழுதினேன். உச்சியிலிருந்து தெரிந்த காட்சியை, எங்கெங்கே பள்ளத்தாக்கு, எந்தப் பக்கம் அருவி என்று, நான் போகாத உச்சியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அப்புறம், சமையல் பொறுப்பேற்றிருந்த தமிழ் மாணவி கவனக்குறைவாகக் கஞ்சித் தண்ணீரைக் கூடாரத்தருகே கொட்டியதால் காட்டு மிருகங்கள் வந்தன என்றார். பேனா அந்த இடத்தில் நிற்கும் என்று நானே எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. ஓர் எழுத்துகூடக் கோணாமல் அதையும் எழுதி, புள்ளி வைத்து, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

டீச்சர் மேலிருந்து கீழ்வரை படித்தார். எவ்வளவு நல்ல கையெழுத்து மோளே என்று முதுகில் தட்டினார்.

நான் நன்றி டீச்சர் என்றேன். அந்த டீச்சரை மன்னித்துவிடலாம், தோழியைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நன்றியைச் சொன்ன பத்தொன்பது வயதுக்காரியை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.