வண்டி இங்கே, ஆள் அங்கே

என் மூத்த மருமகள் ஆடுகிற ஆட்டத்துக்கு இப்போது ஊர்ப்பட்ட பெயர்கள். ஒரு கூட்டம் "காலி அறை" என்கிறது, இன்னொரு கூட்டம் "விட்ட விளக்கு" என்கிறது. கணினி விளையாட்டுப் போட்டிகளில் அதை வைத்து யார் யாரோ ஜெயிக்கிறார்களாம். யோசித்துக் கண்டுபிடித்தவர் அணித் தலைவர் என்று பேட்டியெல்லாம் வந்துவிட்டது. தலைவர் நல்ல மனிதர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது எங்கள் வீட்டு இஸ்திரி மேசையில் பிறந்தது. யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மருமகள் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். அவள் உதறிப் போட்ட படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. வீட்டில் தன் போர்வையை மடிப்பதே இல்லை, அது வேறு விஷயம். தங்கியிருப்பவர்கள் காலையில் சாப்பிடக் கீழே இறங்கியதும் இவள் மேலே ஏறுவாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் எத்தனை அறை முடிகிறதோ அத்தனையும் லாபம்.

"எல்லாரும் கீழ இருக்கறப்ப நாம மேல இருக்கணும் அத்தை. அவ்வளவுதான் என் வேலை" என்பாள்.

துண்டு, சோப்பு, விரிப்பெல்லாம் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று அவள் கூடவே வரும். எந்த அறையில் வேலை நடக்கிறதோ அந்த வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மேற்பார்வை பார்க்கிற அம்மா ஆளைத் தேட மாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார். வண்டி நின்றால் ஆள் உள்ளே என்று அர்த்தம். இடுப்பு விட்டுப்போகிற நாட்களில் மருமகள் வண்டியை ஓர் அறை வாசலில் நிறுத்திவிட்டு, முன்பே முடித்துவைத்த எதிர் அறைக்குள் போய், ஜன்னலோர நாற்காலியில் கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொள்வாள். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். நானும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

விளையாட்டுக்கு அவளை இழுத்துவிட்டது என் சின்ன மகன். அவர்கள் அணிக்கு ஐந்து பேர் வேண்டும். தலைவர், இவன், அழகு நிலையம் நடத்துகிற அக்கா தங்கை இரண்டு பேர். ஐந்தாவது ஆள் வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போய்விட்டான்.

"அண்ணி, சும்மா ஆள் கணக்குக்கு உட்காருங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், இருந்த இடத்துலயே இருங்க" என்றான்.

"இருந்த இடத்துலயே இருன்னு இதுவரைக்கும் என்கிட்ட யாருமே சொன்னதில்லப்பா" என்று அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல கணினிகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால் இவளுக்கு மிஞ்சியது என் மூத்த மகன் கடையிலிருந்து கழித்துவிட்ட பழைய பெட்டி. அதை வைக்கவும் இடமில்லை, இஸ்திரி மேசையில் வைத்தோம். போட்டால் மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

விளையாட்டு இதுதான். இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு கோட்டை. நடுவில் மூன்று பாதைகள், பாதைகளில் காவல் கோபுரங்கள். கோபுரங்களை இடித்துக்கொண்டே போய் எதிராளியின் கோட்டையை இடித்தால் வெற்றி. ஆனால் ஐந்தும் ஐந்தும் பத்துப் பேரும் நடுப்பாதையில் கூடி அடித்துக்கொள்வதில்தான் எல்லோருக்கும் ஆசை. அந்தச் சண்டையில் பறக்கிற நெருப்பையும் மின்னலையும் பழைய பெட்டி தாங்காது, படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி உயிர் வரும்போது மருமகளின் ஆள் தரையில் கிடக்கும்.

"அண்ணி, ஏன் செத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று கத்துவான் சின்னவன்.

"நான் எங்க சாகறேன்? பெட்டி சாகுது."

அதனால் சண்டை தொடங்கினாலே அவள் ஓரப் பாதைக்கு நடந்துவிடுவாள். அங்கே ஆளும் இல்லை, மின்னலும் இல்லை, பெட்டி சமர்த்தாக ஓடும். சும்மா நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாதே. எதிரில் இருந்த கோபுரத்தை இடிக்க ஆரம்பித்தாள். அது முடிந்ததும் அடுத்தது. அறை அறையாக முடிப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நடுப்பாதையில் நான்கு பேரும் அடிபட்டு விழுந்து கிடக்கும்போது திரையில் "வெற்றி" என்று வந்துவிட்டது.

"யாரு ஜெயிச்சது?" என்றாள் அழகு நிலையத்து அக்கா.

"நாமதான் போல" என்றாள் தங்கை.

"நாமதான் செத்துட்டோமேடி."

தற்செயல் என்றார் தலைவர். அடுத்த வாரமும் அதே தற்செயல் நடந்தது. அதற்குப் பிறகு மருமகளே ஒரு யோசனை சொன்னாள். "நீங்க சண்டையில ஜெயிக்க வேண்டாம். அவங்கள பந்தியில உட்கார வச்சுக்கிட்டே இருங்க, எழுந்திரிக்க விடாதீங்க. மேல நான் பாத்துக்கறேன்." அப்படித்தான் அது வளர்ந்தது. நான்கு பேரும் அடிக்காமல், ஓடாமல், சண்டையை ஜவ்வாக இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் அக்காவும் தங்கையும் கெட்டிக்காரிகள். தலை காய்வதற்குள் வாடிக்கையாளரிடம் ஒரு குடும்பக் கதையையே பேசி முடிக்கிறவர்கள் அவர்கள்.

மருமகள் தன் பாத்திரமாக எடுத்துக்கொண்டது விளக்கேந்திய ஒரு பெண்ணை. விளக்கைப் பக்கத்தில் நட்டுவிட்டு இடித்தால் கோபுரம் சீக்கிரம் விழும். ஆனால் அந்த வெளிச்சம் எதிராளிக்கும் தெரியும். தெரிந்து ஓடி வருவதற்குள் இவள் வேலை முடிந்திருக்கும்.

இப்படியே ஜெயித்து ஜெயித்து நகரத்துப் பெரிய போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். எதிரே மஞ்சள் சட்டை அணி. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் கோப்பை. அதற்கு முதல் நாள் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது.

"அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. பெரிய மேடை, பெரிய ஆளுங்க. முதல் ஆட்டம் போச்சுன்னா உங்க நாற்காலியில குளவிய உட்கார வச்சுடுவேன். அதுக்கப்புறமும் அவன்தான் இருப்பான்."

செல்போன் பழுதுபார்க்கும் ஒரு பையனுக்குத்தான் குளவி என்று பெயர். விரல் அவ்வளவு வேகம். மருமகள் சரி என்று தலையாட்டினாள். அவர் போன பிறகு வெகுநேரம் ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, ஒரு விளையாட்டுதானே" என்றேன்.

"ஹோட்டல்ல நான் இருக்கறதே யாருக்கும் தெரியக் கூடாது அத்தை, அதுதான் நல்ல வேலைன்னு அர்த்தம். இங்க மட்டும்தான் 'அண்ணி எங்க, அண்ணி எங்க'ன்னு நாலு பேர் தேடறாங்க" என்றாள்.

போட்டி அரங்கத்துக்கு நானும் மூத்தவனும் போயிருந்தோம். ஆடுகிறவர்கள் காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார்கள், வெளிச் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. ஆனால் அணிக்குள் பேசிக்கொள்வது ஒலிபெருக்கியில் சபை முழுக்கக் கேட்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு முன் வரிசையில் ஹோட்டல்காரர்கள், நடுவில் அந்த மேற்பார்வை அம்மா. விடுப்புக் கொடுத்தவரே கைதட்டவும் வந்திருந்தார்.

மேடையில் எல்லாமே புத்தம்புதுப் பெட்டிகள். அதுதான் வினை. நடுப்பாதையில் சண்டை தொடங்கியது, படம் நிற்கவில்லை. ஒவ்வொரு மின்னலும் கண்ணாடிபோலத் தெரிந்தது. மருமகள் ஓரப் பாதையை மறந்து சண்டைக்குள் போனாள். மஞ்சள் சட்டைக்காரர்கள் எங்கள் ஐந்து பேரையும் துவைத்துக் காயப்போட்டார்கள்.

இடைவேளையில் குளவி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு மேடையோரம் வந்து நின்றான். அங்கே என்ன பேசினார்கள் என்பதைச் சின்னவன் எனக்கு அப்படியே சொன்னான்.

"பெட்டி நல்லா இருக்கு தலைவரே, அதான் கெட்டுப் போச்சு. நான் வேடிக்கை பாக்கப் போயிட்டேன். இன்னொரு ஆட்டம் குடுங்க. இஸ்திரி மேசைன்னு நினைச்சுக்கிட்டு ஆடறேன்" என்றிருக்கிறாள்.

தலைவர் குளவியைப் பார்த்தார். அதற்குள் அழகு நிலையத்துத் தங்கை, "அண்ணி இருந்தா நாங்க சாகறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. குளவி வந்தா வெறும் சாவுதான்" என்றாளாம். குளவியே சிரித்துவிட்டான். தலைவர் ஓர் ஆட்டம் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் நால்வரும் பந்தி போட, இவள் ஓரமாகவே போய்க் கோட்டையை முடித்தாள். மூன்றாவதில் மஞ்சள் சட்டைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். எங்கே விளக்கு தெரிந்தாலும் அங்கே இரண்டு பேர் பாய்ந்தார்கள். விளக்கடியிலேயே அவளை இரண்டு தடவை சாய்த்தார்கள். எங்கள் கோட்டைச் சுவரில் விரிசல் விழுந்தது.

"அண்ணி, அடுத்து என்ன? சொன்னாத்தானே நாங்க பிடிச்சு இழுக்க முடியும்?" என்று தலைவர் கேட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது.

மருமகள் மேடையிலிருந்து சபையை ஒரு பார்வை பார்த்தாள். முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"விளக்க இடப்பக்கம் நட்டுட்டு, நான் வலப்பக்கம் இருட்டுல நடந்து போறேன். விளக்கு இல்லாம இடிக்கறது மெதுவாத்தான் ஆகும், அது வரைக்கும் இழுத்துப் பிடிங்க. எங்க ஹோட்டல்ல பண்றதுதான். வண்டி இங்க, ஆள் அங்க."

முன் வரிசையில் ஒரு தலை மெதுவாக நிமிர்ந்தது.

மஞ்சள் சட்டைக்காரர் இரண்டு பேர் விளக்கைச் சுற்றிப் புதரில் பதுங்கி உட்கார்ந்தார்கள். விளக்கு நின்றால் ஆள் வருவாள் என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அவர்களுக்கு மூன்று பேர்தான் மிச்சம். அக்காவும் தங்கையும் மாறி மாறி முன்னே போவதும் பின்னே வருவதுமாக அந்த மூவரையும் நகரவிடவில்லை. வலப்பக்கம் இருட்டில் ஒரு கோபுரம் சாய்ந்தது, இன்னொன்று சாய்ந்தது. புதரில் இருந்தவர்களுக்கு உறைத்து ஓடி வந்தபோது கோட்டை தூளாகிக்கொண்டிருந்தது.

மூத்தவன் நாற்காலி மேல் ஏறி நின்றான். தலைவர் அங்கேயே குளவியின் தோளில் கைபோட்டு, "தம்பி, நீ எனக்குப் பதிலா வேணா உட்காரு, அண்ணி நாற்காலியக் கேக்காத" என்றார். பேட்டியில் மட்டும் அதை ஏன் மறந்தார் என்று தெரியவில்லை. சாப்பிட வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மருமகள் வேலைக்குப் போனாள். பழக்கதோஷம், வண்டியை ஓர் அறை வாசலில் விட்டுவிட்டு எதிர் அறையில் காலை நீட்டியிருக்கிறாள். மேற்பார்வை அம்மா வந்தார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எதிர் அறைக் கதவைத் திறந்தார்.

இவள் பதறி எழுந்தாள்.

"உட்காரு, உட்காரு" என்றவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "எத்தனை வருஷமா அந்த வண்டியப் பாத்து ஏமாந்திருக்கேன். சரி, அதை விடு. அந்த ரெண்டு பேரும் புதர்லயே உட்கார்ந்திருப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இத்தனை வருஷமா நீங்க வண்டிய நம்பலையா மேடம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

இப்போது ஒருவரும் அந்த வண்டியை நம்புவதில்லை. மஞ்சள் சட்டைக்காரர்களும் விளக்கை நம்புவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அடுத்த போட்டியில் விளக்கடியிலேயே நின்று இடிக்கப் போவதாக மருமகள் சொல்கிறாள்.