மொட்டையாக நின்ற மூன்று மரங்கள்

ஆபீஸ்களுக்குத் தொட்டிச் செடி வாடகைக்கு விடுவது அவள் தொழில். செடிக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

வெயிலில் வளர்ந்த மரத்தை நேராக ஏசி அறைக்குள் தள்ளக் கூடாது என்பதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. நர்சரியின் பின்பக்கம் பச்சை வலைக் கொட்டகையில் சில மாதம் வைத்து, நிழலுக்குப் பழக்கிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவாள். வண்டி ஓட்டுகிற கொழுந்தனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பெரிய இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து முதல் ஆர்டர் வந்தபோது, வலைக்குள் இருந்தவை அவன் கண்ணுக்குச் சோனியாகப் பட்டன. வெயிலில் கொழுகொழுவென்று நின்ற மூன்று மரங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீசையை வேறு முறுக்கிக்கொண்டு வந்தான்.

இரண்டே வாரத்தில் மூன்றும் மொட்டை.

"செத்த மரத்துக்கு வாடகையா? வந்து தூக்கிட்டுப் போங்க," என்று போனில் கத்தினார் மேனேஜர் அம்மா. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அந்தக் கட்டிடத்து வியாபாரமே போய்விடும்.

"அண்ணி, யாருக்கும் தெரியாம வேற மூணு வச்சிட்டு வந்துடறேன்," என்றான் கொழுந்தன்.

"நீங்க பண்ணினதே போதும் தம்பி. வண்டியை எடுங்க."

ஆபீஸுக்குப் போனதும் நகத்தால் மரப்பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை. அப்பாடா என்றிருந்தது.

"தப்பு எங்களுதுதான் மேடம். ஆனா மரம் சாகலை. அது வெயிலுக்குன்னு போட்ட இலை, இங்க உதவாதுன்னு உதிர்த்துடுச்சு. இந்த வெளிச்சத்துக்குத் தக்க இலையை அதுவே போட்டுக்கும். தண்ணியைக் குறைங்க, இடம் மாத்தாதீங்க."

மேனேஜர் அரை மனதாகத் தலையாட்டினார். குச்சி மரங்களைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. அவள் வாராவாரம் நிமிர்ந்த தலையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் மறுபடி போன். "திருட்டுத்தனமா மரத்தை மாத்திட்டீங்களா? இலை வேற மாதிரி இருக்கே!"

கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போனவள், ஒரு கிளையை வளைத்துக் காட்டினாள். உதிராமல் தப்பிய பழைய இலை ஒன்று சின்னதாக, தடித்து இருந்தது. அதே கிளையில் புது இலைகள் அகலமாக, மெல்லிசாக. மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்.

"இது எங்க ரூமுக்குன்னே போட்டதா?"

"உங்க ரூமுக்குன்னே போட்டது மேடம்."

"அப்போ மாடிக்கும் பத்து வேணும். நாளைக்கே."

கொழுந்தன் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டத் தொடங்கினான்.

"நாளைக்கு முடியாது மேடம்," என்றாள் அவள். "நிழல்ல பழக்கணும். மூணு மாசம் ஆகும்."

கொழுந்தன் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவனை.

"மூணு மாசமே ஆகட்டும். ஆனா மரத்தை நீங்களே பார்த்து ஏத்துங்க. இவரை நம்பி விட்டுடாதீங்க."