வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்

வேப்பம்பட்டில் எங்கள் அடுக்ககம் காலை எட்டு மணிக்கே காலியாகிவிடும். சென்னைக்கு ரயில் பிடிக்கிறவர்கள் போனபின் மூன்று மாடிக்கும் நானும் தண்ணீர் மோட்டாரும்தான். அம்மா பொன்னேரியில் அண்ணன் வீட்டோடு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் எழுதும் பதிவுகளை இணையதளத்தில் ஒழுங்குபடுத்தி வெளியிட வேண்டும். தலைப்பைத் தலைப்பாக்கி, பத்தி பிரித்து, படுத்திருக்கும் படத்தை நிமிர்த்த வேண்டும். எழுதியவர் பெயர் மேலே நிற்கும். நிமிர்த்தியவளை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தத் தளங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையுடையது. அங்கே பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், தொழிலாளர்களுக்காக வாரம் ஒரு பதிவு எழுதுவார். போனிலேயே, நேராகத் தளத்துக்குள் தட்டுவார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. ஆனால் அவர் செய்யும் அட்டூழியம் எல்லாம் எனக்கு அத்துப்படி. தலைப்பைச் சிவப்பில் அடிப்பார். வரியை நடுவில் நிறுத்த இருபது முறை இடைவெளி தட்டுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று ஆச்சரியக்குறி. கையுறை போடச் சொல்வதில் என்ன ஆச்சரியம்? "என்னய்யா இது, மனுஷன் படிக்கறதா வேணாமா?" என்று திரையைப் பார்த்துக் கத்துவேன். பல நாள், நான் வாய் திறந்து பேசிய முதல் பேச்சே அதுதான்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அவர் பதிவைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து நிற்கும். 'இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார். நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?' அதன் கீழே ஒரு பட்டன். நான் அதை அழுத்தமாட்டேன். டீ போட்டுக்கொண்டு வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து குடிப்பேன். அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நேரத்தோடு தலை வாரிக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய் பதினொன்றாகியும் பெட்டி போகவில்லை. பதிவு பன்னிரண்டு மணிக்கு வெளியாக வேண்டும். மூடாமல் வேலைக்குப் போய்விட்டார், வழக்கம்தானே என்று எரிச்சலில் பட்டனை அழுத்திவிட்டேன். பக்கம் திறந்தது. 'ஹெல்மெட்' என்று சிவப்புத் தலைப்பு. கீழே இரண்டே வரி.

'என்னோடு இருபது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர் போன வாரம் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்றைக்குக் கேன்டீனில் நான் மட்டும்'

ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை. அதற்குள் போன் அடித்தது. அவர்தான், நான் அனுப்பும் மின்னஞ்சலின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், நான் அடிச்சிக்கினே இருந்தேன், டபால்னு மூடிக்கிச்சு. இன்னா ஆச்சு?"

"நான்தான் சார் தெரியாம எடுத்துட்டேன். நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வரிதான் இருக்கு சார்."

"ரெண்டு வரியா? ஒரு பக்கத்துக்கு மேல எழுதினேனே! இங்க டவரே நிக்கல, அதான் சேவ் ஆவல போலகீது."

"மன்னிச்சுக்குங்க சார். திரும்ப அடிச்சுத் தாங்க, எவ்ளோ நேரம் ஆனாலும் காத்துக்கினு இருக்கேன்."

அவருக்குப் பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"அது ஒரு தபாதான்மா வரும். வுடுங்க. ஹெல்மெட் பத்தி நாலு பாயிண்ட் அனுப்பச் சொல்றேன், போட்டுக்குங்க."

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்க நினைத்தேன். நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும் நினைத்தேன். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டார்.

நாலு பாயிண்ட் வந்தது. அவர்கள் அலுவலகத்தில் வேறு யாரோ தட்டித் தந்தது. அதன்பிறகு அவருடைய பதிவுகள் எல்லாமே மின்னஞ்சலில் கோப்பாகத்தான் வந்தன. தலைப்பு தலைப்பாக இருந்தது, படங்கள் நிமிர்ந்து நின்றன. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். திட்டுவதற்கு ஒரு வரி கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. தளத்துக்குள் அவர் திரும்ப வரவேயில்லை.

அந்த இரண்டு வரியை நான் அழிக்கவில்லை. வெளியிடாத பதிவுகளின் நடுவே அது இன்னும் கிடக்கிறது. போன செவ்வாய் காலை, சோதனைக்கென்று வைத்திருக்கும் இன்னொரு கணக்கில் என் போனிலிருந்து நுழைந்து அதைத் திறந்து வைத்தேன். பிறகு கணினியில் என் கணக்கில் போய் அதே பதிவைச் சொடுக்கினேன். பெட்டி வந்தது. 'இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.'

டீ எடுத்து வந்து முன்னால் உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தவில்லை.